வைப்பாட்டிக்கு ஆண்பால் என்ன?

பாலியல் தொழில் செய்கிற பெண்ணை அடிப்பது யார் என்று கேட்டால் நாம் சட்டென்று மூன்று பேரைச் சொல்வோம்: கஸ்டமர், புரோக்கர், போலீஸ். மூன்றும் உண்மைதான். ஆனால் நாலாவதாக ஒருத்தன் இருக்கிறான். அவள் ஆக்கிய சோற்றைத் தின்றுவிட்டு, அவள் கொண்டுவந்த காசை எண்ணி வைத்துவிட்டு, “இன்னிக்கு எவன்கூட போன?” என்று கேட்டு அடிப்பவன். புருஷன், அல்லது புருஷன் மாதிரி ஒருத்தன். அவனுக்குக் காசும் வேணும், சந்தேகப்படும் உரிமையும் வேணும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், இந்தப் பெண்களின் ரத்த மாதிரிகளில். கண்டறிந்தவர்கள் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அதன் பிறகுதான் அரசுக்கு இவர்கள்மேல் அக்கறை வந்தது. ஆணுறைகளை எண்ணினோம், பரிசோதனைகளை எண்ணினோம். ஆனால் கஸ்டமரிடம் ஆணுறை கேட்க முடிகிற பல பெண்களால் வீட்டில் கேட்க முடிவதில்லை. கேட்டால், “அப்ப நானும் கஸ்டமரா?” என்று அறை விழும். நான் மென்பொருள் எழுதுகிறவன். படிவத்தில் கட்டம் இல்லாத விஷயம், சிஸ்டத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இந்த அறைக்கு நாம் கட்டம் வைக்கவில்லை.

சட்டத்திலாவது இருக்கிறதா? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், தாலி இல்லாமல் கணவன் மனைவி போல் வாழ்பவளுக்கும் பாதுகாப்பு தந்தது. 2010இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் அதற்கு நிபந்தனைகள் போட்டது. இருவருமே திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும். ஆண் பணம் கொடுத்து வைத்திருக்கும் ‘கீப்’ அதில் வரமாட்டாள். சரி, அவள் சம்பாதித்து அவன் உட்கார்ந்து சாப்பிட்டால் அவனுக்கு என்ன பெயர்? வைப்பாட்டி என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது. ஆண்பால் எங்கே?

1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டத்தில் அவனுக்கு ஓர் இடம் உண்டு: அவள் வருமானத்தில் வாழ்பவன். அதே பிரிவு அவள் அம்மா மீதும், வயதுக்கு வந்த மகன் மீதும் பாயும். கூட வசித்தாலே, குற்றமில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அவர்கள் தலையில். “அடிச்சான் சார்” என்று ஸ்டேஷனுக்குப் போனால், தன் வீட்டையே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இவர்களை மரியாதையோடு நடத்தச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம் போலீசுக்கு உத்தரவிட்டது. நல்லது. ஆனால் அந்தப் படியை மிதித்தால்தானே மரியாதை கிடைக்கும்?

“விட்டுட்டு வரவேண்டியதுதானே?” என்பீர்கள். வந்தால் எங்கே தங்குவாள்? “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று கேட்காமல் வாடகைக்கு வீடு கொடுக்கிற ஊரா இது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பல பேர் அவனை வைத்திருக்கிறார்கள், அடியோடு சேர்த்து.

ஆகவே அவளை மீட்கக் கிளம்ப வேண்டாம். ஒரே கூரையின் கீழ் ஒருத்தன் அடித்தால் அது குடும்ப வன்முறை. அவள் என்ன தொழில் செய்கிறாள், அவனுக்கு வேறொரு பெண்டாட்டி இருக்கிறாளா என்பதெல்லாம் அடியின் வலியைக் குறைக்காது. சட்டம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் அடித்தது?