பாட்டைக் கிழிக்காதீர்கள்!

ஜப்பானில் ரேடியோ ஒலிபரப்பு தொடங்கியது 1925-ம் ஆண்டில். அதற்கு முன்பு புதுப் பாட்டு வீட்டுக்குள் எப்படி வந்தது?

காகிதத்தில் வந்தது!

பாட்டும் மெட்டும் அச்சிட்ட சில பக்கங்கள். மேலே வண்ணப்படம் போட்ட அட்டை. இந்தப் பாட்டுத் தாள்களில் 'செனோ' தாள்களுக்குத் தனிப் பெயர் உண்டு. அவற்றில் 250-க்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தவர் யுமேஜி என்ற ஓவியர். பெரிய கண்கள், சோக முகம். அவர் வரைந்த பெண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 1918-ல் வந்த "யொய்மாச்சிகுசா" என்ற பாட்டுக்கு வரிகளும் அவருடையவைதான்.

1934-ல் யுமேஜி இறந்தார். இன்று அவர் படத்துக்காகவே இந்தத் தாள்களைத் தேடுகிறார்கள். தேடட்டும். ஆனால், அட்டையைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பாட்டைக் குப்பையில் போடுவது என்ன நியாயம்?

1923 பூகம்பத்தில் டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்தது. 1945-ல் குண்டு வீச்சில் மறுபடியும் எரிந்தது. அத்தனைக்கும் தப்பிய காகிதம், கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை!

அட்டை கிழிந்திருந்தாலும் முழுத் தாளையே வாங்க வேண்டும். வெயில் படாமல் வைக்க வேண்டும். ஓரத்தில் பழைய பென்சில் குறி இருந்தால் அழிக்கக் கூடாது. யாரோ ஒரு பெண் பாடிப் பழகிய அடையாளம் அது.

அந்தக் காலத்து ஜப்பானியப் பாட்டுகள் பலவற்றில் 'ம'வும் இல்லை, 'நி'யும் இல்லை. நம்முடைய மோகனம் மாதிரி! ஆர்மோனியம் தெரிந்தவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால், இன்று மாலையே வாசித்துக் காட்டுவார்.