சுவரில் திரும்பும் பூசணம்



மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையை அறிந்தவர்கள், சுவரில் படரும் கரும்பூசணத்தையும் அறிவார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் விசுவாசக் குடும்பம் ஒன்று ஜெபிக்கும்படி என்னை அழைத்தது. "வருஷாவருஷம் மே மாதம் பெயின்ட் அடிக்கிறோம், பாஸ்டர். ஆகஸ்டில் திரும்ப வந்துவிடுகிறது. பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் மூச்சிரைப்பு. செய்வினையாக இருக்கும் என்கிறார்கள்" என்று அந்தச் சகோதரி கண்ணீர் விட்டார்கள்.

ஜெபித்தேன். அப்பொழுது லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் ஆசாரியன் செய்வதென்ன? வீட்டை ஒழித்துவைக்கச் சொல்லி, உள்ளே சென்று பார்க்கிறான். ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கிறான். படர்ந்திருந்தால் அந்தக் கற்களையே பெயர்த்து, சுவரைச் செதுக்கி, அந்த மண்ணை ஊருக்குப் புறம்பே கொட்டச் சொல்லுகிறான். புதிய சாந்து பூசுவது அதற்குப் பின்புதான்.

பீரோவை நகர்த்தச் சொன்னேன். பின்சுவர் முழுவதும் ஓதம் காத்திருந்தது. சுவருக்கு அப்புறம் அடுத்த வீட்டு மோரி. அதன் குழாய் கசிந்துகொண்டிருந்தது. "ஏன் அவர்களிடம் சொல்லவில்லை?" என்றேன். தலைகுனிந்தார்கள். இரண்டு வருடமாய் அந்த வீட்டாரோடு பேச்சில்லை.

பிரியமானவர்களே, பூசணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. அவற்றை முற்றிலும் ஒழிக்க முடியாது. ஈரத்தை ஒழிக்கலாம். ஆகவே முதலில் கசிவை அடையுங்கள். நனைந்த பாய் தலையணைகளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்துங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல், காற்று புகும்படி தள்ளி வையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பின்பும் ஆவி வெளியேற வழி செய்யுங்கள். மழை ஓய்ந்த வேளையில் ஜன்னல்களைத் திறவுங்கள். பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்து பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே வேண்டாம், நச்சுவாயு எழும்பும். ஈரம் காயாத சுவரில் வர்ணம் அடிப்பது வீண். மூச்சிரைக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள், அது அவிசுவாசமன்று.

அன்று மாலையே அந்தச் சகோதரர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். குழாயைக் குறித்துப் பேசுமுன் மன்னிப்புக் கேட்டார். அந்த வாரமே இரு வீட்டாரும் செலவைப் பகிர்ந்துகொண்டு குழாயை மாற்றினார்கள். சுவர் காய வெகுநாள் சென்றது. காய்ந்த பின்பே வர்ணம் அடித்தார்கள். அதற்குப் பின் வந்த மழையில் பூசணம் திரும்பவில்லை.

அந்தச் சுவரைக் கெடுத்தது தண்ணீர் மட்டுமா? பேசாதிருந்த இரண்டு வருடங்களும் அல்லவா? ஆண்டுதோறும் நாம் வர்ணம் பூசி மறைக்கும் கசப்பு எது? இன்றே பீரோவை நகர்த்திப் பாருங்கள். யாருடைய கதவைத் தட்டவேண்டுமோ, அதைத் தட்டுங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லத்தையும் உள்ளத்தையும் சுத்திகரித்துக் காப்பாராக. ஆமென்.