குளமும் அதன் காடும்

ஈழத்து உலர் வலயத்தின் வாழ்வு குளத்தை நம்பியது என்பதை யாவரும் அறிவர். அறிந்தும் நாம் மறந்துவிடுவதொன்று உண்டு. குளமென்பது கட்டும் அதன்கண் தேங்கிய நீரும் மாத்திரமன்று. அந்நீரைத் தருகின்ற காடும் குளத்தின் பாற்பட்டதே. கட்டைப் பேணிக் காட்டைக் கைவிடுவோர், பசுவைப் பட்டினியிட்டுப் பாற்குடத்தைத் துலக்குவோரை ஒப்பர்.

வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் உள்ள சிறுகுளங்கள் பல தனித்தனியே அமைந்தனவல்ல. மேற்குளத்தின் மிகைநீரும் அதன் வயல்களின் வடிநீரும் கீழ்க்குளத்தை அடையுமாறு அவை தொடராக அமைந்துள்ளன. சிங்கள மக்கள் இத்தொடரை எல்லங்காவ என வழங்குவர். மேட்டுக் காடு மழைநீரை மண்ணில் ஊறச் செய்யும். குளத்தின் மேற்புறத்துப் புற்றரை வண்டலைத் தடுக்கும். கட்டின் கீழுள்ள மரச்செறிவு உவர் வயலை அடையாது காக்கும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் இவ்வமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

அமைப்பு ஒன்றாயிருக்க ஆட்சி பலவாயிற்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்காணி ஆக்கிரமிப்புச் சட்டம், மாறாக நிறுவப்பட்டாலன்றிக் காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டது. இன்று காடு வனவளத் திணைக்களத்தின் கீழும், 80 ஹெக்டேயருக்கு மேற்படாத வயலுக்கு நீர்தரும் சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும் உள்ளன. கட்டைத் திருத்துங்கால் கடமையுடையவனாகிய உழவன், காட்டைக் குறித்துப் பேசுங்கால் அயலானாகின்றான்.

போரினால் இடம்பெயர்ந்த வன்னி மக்கள் 2009 ஆம் ஆண்டின் பின்னர் மீண்டபோது இப்பிளவின் தீமை வெளிப்பட்டது. பயிரிடாது கிடந்த வயல்களிற் பற்றை மண்டிற்று. அவற்றுட் சில வனமென எல்லையிடப்பட்டன. மறுபுறத்தே, நீரேந்து பரப்புக்களிற் காடழிப்பும் மணலகழ்வும் நிகழ்ந்தன. வயலைக் காடென்பதும், குளத்தின் காட்டை வெறுநிலமென்பதும் ஒரே அறியாமையின் விளைவுகளே.

மக்களிடம் விட்டாற் காடு அழியும் என்பாருளர். மக்களும் காடு வெட்டினர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பயனிற் பங்கில்லாதவன் காவலிற் பங்குகொள்ளான். நேபாளம் தனது 1993 ஆம் ஆண்டின் வனச் சட்டத்தால் ஊர்க் குழுக்களிடம் காடுகளை ஒப்படைத்தது. மொட்டையாகியிருந்த மலைச்சரிவுகள் பலவற்றில் மரங்கள் மீண்டன.

ஆதலின், குளத்தொடர் ஒவ்வொன்றும் ஓரலகாகக் கொள்ளப்படல் வேண்டும். பழைய வயற்காணிகள் உறுதி கொண்டும் ஊரார் சான்று கொண்டும் முதலிற் பிரிக்கப்படுக. எஞ்சிய காட்டுக்கு மக்கள் முன்னிலையில் எல்லைக்கல் நாட்டப்படுக. அக்காட்டின் விறகிலும் தேனிலும் கமக்காரர் அமைப்புக்குப் பங்கும், அதனை வெட்டுவோரைத் தடுக்கும் அதிகாரமும் எழுத்தில் வழங்கப்படுக. உரிமை மாத்திரமும் போதாது. கடமை மாத்திரமும் போதாது.

விழாக் காணும் நம் கல்லூரிக்கும் இதில் ஒரு பணி உண்டு. நில அளவையிலும் பொறியியலிலும் சட்டத்திலும் தேர்ந்த பழைய மாணவர் நம்மிடையே உளர். ஒரு குளத்தொடரைத் தெரிந்து, இன்றைய மாணவரையும் உடன்கொண்டு அதன் நீரேந்து பரப்பை அளந்து, படம் வரைந்து, அவ்வூர்க் கமக்காரர் கையிற் கொடுப்போமாக. விழா நினைவாகக் கல்லிற் பெயர் பொறிப்பதினும் அது நெடிது நிற்கும்.