நீரை மணிக்கணக்கில் வாங்கலாமா?

சொந்தக் கிணறு இல்லாத சிறு விவசாயிகள், பக்கத்துக் கிணற்று நீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்வது பல ஊர்களில் உள்ள வழக்கம். பம்பு செட் ஒரு மணி நேரம் ஓடினால் இவ்வளவு என்று விலை பேசப்படுகிறது. இம்முறை மாற வேண்டும். பயிருக்குத் தேவை நீர். மோட்டார் ஓடும் நேரமல்ல.

தை மாதத்தில் கிணற்று நீர் மேலே நிற்கும்; பம்பு தாராளமாக இறைக்கும். சித்திரையில் நீர்மட்டம் இறங்கிவிடும். அதிக ஆழத்திலிருந்து தூக்க வேண்டியிருப்பதால் அதே பம்பு குறைவாகவே இறைக்கும். மணிக்குரிய விலை மட்டும் குறைவதில்லை.

நீரை அளப்பது கடினமல்ல. பம்பு நீர் விழும் நீள்சதுரத் தொட்டியே போதும். சுவரின் கனத்தை விட்டு, உட்புற நீள அகலங்களை மட்டும் அளக்க வேண்டும். உட்சுவரில் அடித்தளத்துக்கு அரை அடி மேலே ஒரு கோடும், அதற்கு 2 அடி மேலே மற்றொரு கோடும் போட வேண்டும். வெளிவாயை அடைத்துவிட்டு, நீர் முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்கு ஏறும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும்.

தொட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம் என்று கொள்வோம். இரண்டையும் 2 அடி உயரத்தையும் பெருக்கினால் 48 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 1,358 லிட்டர். இது 3 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு சுமார் 27,000 லிட்டர் கிடைக்கும். கோடையில் நாலரை நிமிடம் ஆனால் 18,000 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு நீர் குறைந்துவிட்டது!

ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்கச் சுமார் 1,03,000 லிட்டர் வேண்டும். முன்பு நாலு மணி நேரத்துக்குள் முடிந்த இந்தப் பாய்ச்சலுக்கு இப்போது ஐந்தரை மணிக்கு மேல் விலை கொடுக்க வேண்டும்.

மோட்டார் தேய்மானமும் ஆள் செலவும் நேரத்தைப் பொறுத்தவை என்று கிணற்றுக்காரர்கள் கூறலாம். அது உண்மையே. அச்செலவையும் சேர்த்து 1,000 லிட்டருக்கு இன்ன விலை என்று பேசட்டும். பருவத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து தொட்டியை அளந்து பார்த்தால் மனத்தாங்கலுக்கு இடமிராது.

நெல்லை மரக்கால் வைத்து அளந்து வாங்கிய விவசாயி, அதை விளைவிக்கும் நீரை அளக்காமல் வாங்குவது தகாது.