குத்தகையாளரும் சட்டமும்

நிலச்சொந்தக்காரர் அதட்டியதும் குடியானவன் ஏரைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறான். இஃது அநாவசியமான பயமாகும். தமிழ்நாட்டில் 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டப்படி, ரெவினியூ கோர்ட்டின் உத்தரவின்றி அவனை வெளியேற்ற நிலச்சொந்தக்காரருக்கு அதிகாரமில்லை. பலவந்தமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்திற்குள் மனுச் செய்து நிலத்தைத் திரும்பக் கோரலாம். குத்தகையை வாங்க மறுத்தால், தவணை கடந்த ஒரு மாதத்திற்குள் அக்கோர்ட்டிலேயே கட்டிவிடலாம். பாக்கிக்காக மனுப் போட்டாலும், கட்டுவதற்கு அவகாசமளிக்கக் கோர்ட்டுக்கு இடமுண்டு.

ஆனால் வாய்வார்த்தைக் குத்தகைக்குச் சாட்சி எங்கே? ரசீதில்லாதவன் கோர்ட்டில் ஊமையே. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், அதுவே அவனுக்குக் கவசம். மேடைதோறும் உழவர் துயரைப் பேசும் நமது தொண்டர்கள், வழக்கு வருமட்டும் காத்திராமல், அடுத்த அறுவடைக்குள் தத்தம் கிராமத்துக் குத்தகையாளரின் பெயர்களைப் பதிவு செய்விப்பார்களாக.