கோப்பி கொண்டுவந்தவர் யார்?

நாவலாசிரியர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியதும் நம் மாணவர்கள் முதலிற் கேட்பது, “எப்பொழுது எழுதுகிறீர்கள்? எவ்வாறு எழுதுகிறீர்கள்?” என்பதாகும். இதற்கு இருவகை விடைகள் வழக்கிலுள்ளன. ஒருசாரார் விழிகளை மேலே செருகிக்கொண்டு, “அது தானே வருகிறது, நான் வெறும் கருவி” என்பர். மறுசாரார், “வைகறையில் எழுந்து இத்தனை பக்கம் எழுதியே தீருவேன், நீயும் அப்படிச் செய்” என்பர். முதல் விடை மாயை என்பதை இச்சஞ்சிகையின் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. இரண்டாவது விடையோ உழைப்பின் வேடம் பூண்டு வருவது. நம்மவரே அதற்கு ஏமாந்துவிடுகின்றனர். ஆகவே அதனையே விசாரிப்போம்.

இக்கட்சியாருக்கு ஆதிகுரு ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப். 1815இற் பிறந்து 1882இல் மறைந்தவர். 47 நாவல்கள் எழுதியவர். 1834 முதல் 1867 வரை தபாற்பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவற்றுட் பலவற்றை எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படிப்பார். பின்பு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எட்டரை மணிவரை எழுதுவார். புகைவண்டியிற் செல்லும்போதும் மடிமீது பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். அதனை நற்பிரதி எடுத்துக் கொடுத்தவர் மனைவி ரோஸ். இவையாவும் அவர் 1875–76இல் எழுதி, இறந்தபின் 1883இல் வெளிவந்த சுயசரிதையிற் காணப்படுகின்றன. ஒவ்வொரு நூலும் ஈட்டிய தொகையைப் பட்டியலிட்டு, மொத்தம் 68,939 பவுண் 17 சிலிங் 5 பென்ஸ் என்று கூட்டியும் காட்டினார். போதாததற்கு, நாவலாசிரியனைச் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியோடு ஒப்பிட்டார்.

இரசிகசிகாமணிகள் முகஞ்சுளித்தனர். கலைஞன் கடிகாரத்தைப் பார்ப்பதா? கணக்கு வைப்பதா? சப்பாத்துத் தைப்பவனுக்கு நிகராவதா? (அறுபதுகளின் தொடக்கத்தில் நம் பண்டிதர் சிலர் முற்போக்கு எழுத்தை “இழிசனர் இலக்கியம்” என்று ஏசியதை அறிந்தோருக்கு இந்த முகச்சுளிப்புப் புதிதன்று.) இந்த அளவில் நாம் ட்ரொலப்பின் பக்கமே நிற்கவேண்டும். எழுத்தும் தொழிலே என்று சொல்ல அவருக்கு நெஞ்சுரம் இருந்தது.

ஆனால் அதே சுயசரிதையில் வேறொரு செய்தியும் உண்டு. புதிய எழுத்தாளருக்கு உபதேசஞ் செய்வோர் அதனை மட்டும் வசதியாக விட்டுவிடுகின்றனர். 1859 முதல் 1871 வரை ட்ரொலப் வோல்தம் குறொஸ் என்னும் ஊரிற் குடியிருந்தார். அங்கே ஐந்தரை மணிக்கு அவர் மேசையில் அமர்வதற்கு, அதற்குமுன் ஒருவர் எழுந்து, நெருப்பு மூட்டி, கோப்பி வைத்து, எஜமானரை எழுப்பவேண்டியிருந்தது. அவர் குதிரைகளைப் பராமரித்த ஒரு முதிய ஊழியர். அந்தப் பணிக்காக ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகப் பெற்றார். ஒருநாளேனும் பிந்தவில்லை. தம் வெற்றிக்கு மற்றெவரிலும் இவருக்கே கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கிறேன் போலும் என்று ட்ரொலப்பே எழுதுகிறார். எழுதியவர் அவ்விடத்தில் அம்முதியவரின் பெயரைக் குறிக்கவில்லை. 12 ஆண்டுக்கு 60 பவுண். மேலே சொன்ன 68,939 பவுணுக்கு அருகில் இத்தொகையை வைத்துப் பாருங்கள்.

அவருடைய தாயார் பிரான்சிஸ் ட்ரொலப்பின் கதை இன்னும் கூர்மையானது. முதல் நூலை 1832இல், ஐம்பது வயதைக் கடந்தபின் வெளியிட்டவர் அவ்வம்மையார். கணவர் கடனாளியாகிக் குடும்பம் பெல்ஜியத்துக்கு ஓடியபோது, புரூஜ் நகரில் நோயுற்ற கணவனையும் மகனையும் பராமரித்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். 1834இல் மகனும் 1835இற் கணவரும் இறந்தனர். அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து எழுதுவது அவர் வழக்கம். பகற்பொழுது பிறருக்கு உரியதாயிருந்தமையால் அவருக்கென்று எஞ்சியது அந்த வேளைதான். மகன் உலகப்புகழ் பெற்ற ஒழுங்கைக் கற்ற பள்ளிக்கூடம் இதுவே. எனினும் வைகறை எழுத்துக்கு உதாரணம் காட்டுவோர் மகனைத்தான் காட்டுகின்றனர்.

ஒழுங்கு மாத்திரம் ஓர் எழுத்தாளனுக்குப் பார்வையைத் தந்துவிடுமா? 1841இல் ட்ரொலப் தபாற்பகுதி உத்தியோகத்தராக அயர்லாந்து சென்றார். 1843இல் லீற்றிம் பகுதியில் நடந்துசெல்கையில் பாழடைந்த வீடொன்றைக் கண்டார். முதல் நாவல் அங்கே பிறந்து 1847இல் வெளிவந்தது, விற்கவில்லை. ஊர் ஊராக அலைந்த தபாற் சேவகமே அவருக்கு மனிதரைக் காட்டியது. ஆயினும் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் பத்து இலட்சம் ஐரிஷ் மக்களைப் பலிகொண்டபோது, அவர் அரசாங்கத்தின் கொள்கையை ஆதரித்து லண்டன் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். 1860இல் வந்த ‘காசில் ரிச்மண்ட்’ நாவலில் அப்பஞ்சம் தெய்வச் செயலாகத் தோன்றுகிறது. கால்மணிக்கு 250 சொற்கள் தவறாமல் வந்தன. யார் பக்கம் நின்று எழுதுவது என்பதைக் கடிகாரம் சொல்லவில்லை.

இக்கதைக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. 1847இல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்குப் பஞ்ச நிவாரணம் இல்லை என்ற விதியைப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்தவர் வில்லியம் கிறெகறி. ட்ரொலப்புடன் ஹரோ பாடசாலையிற் படித்தவர். நாம் கொழும்பு நூதனசாலையை அமைத்தவரென்று புகழும் தேசாதிபதி கிறெகறி இவரேதான். அவரது ஆட்சிக்காலத்தில், 1875இல், அவுஸ்திரேலியா செல்லும் வழியில் ட்ரொலப் இலங்கைக்கு வந்தார். அப்பயணம் குறித்து ‘லிவர்பூல் மேர்க்குறி’ பத்திரிகைக்கு இருபது கடிதங்கள் எழுதினார். அப்போது மலைநாடு தேயிலை நாடன்று, கோப்பி நாடு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் அச்செடிகளை வளர்த்தனர். வழியிலே மாண்டோர் பலர். வோல்தம் குறொஸ் மேசையில் கோப்பிக் கிண்ணம் ஆவி பறந்த ஆண்டுகளில் இலங்கைக் கோப்பி கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

“பழங்கதை, வெள்ளைக்காரன் கதை” என்று தட்டிக்கழிக்க வேண்டாம். நம் முற்போக்கு எழுத்தாளர் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப்பாருங்கள். சுரண்டலைப்பற்றி அத்தியாயம் எழுதிக்கொண்டிருப்பவருக்குத் தேநீர் வைத்துக்கொடுப்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவி. அவரும் பல வீடுகளில் ஓர் ஆசிரியை. அவருக்கும் நான்கு மணிக்கே பொழுது விடிகிறது. சோறும் கறியும் சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, கட்டுக் கொப்பிகளோடு பஸ் ஏறுகிறார். இவரிடம் போய், “அதிகாலையில் எழுந்தால் நாவல் எழுதலாம், ரீச்சர்” என்று சொல்லும் துணிவு எவருக்குண்டு? ஆண்டுக்கு 5 பவுண்கூட இவருக்கு இல்லை. எழுதவந்தபின் கைவிட்ட பெண்களை, “ஆர்வம் போதாது” என்று விமர்சகர் எழுதி முடிக்கின்றனர். ஆர்வத்தை அளந்த கோல் எது?

ட்ரொலப் கூறியவற்றுள் புதியோர் கொள்ளவேண்டியதும் உண்டு. கதாபாத்திரங்களோடு அல்லும் பகலும் வாழவேண்டும் என்றார். கதை சொல்லவேண்டுமென்பதற்காகக் கதை தேடாமல், சொல்லியே ஆகவேண்டிய கதை இருப்பவன் எழுதட்டும் என்றார். இவற்றுக்கு மணிக்கூடு வேண்டியதில்லை. லயத்து அறையிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளையிடம் சொல்லியே ஆகவேண்டிய கதை இருக்கிறது. இல்லாதது மேசையும் வெளிச்சமும் எவரும் வேலை ஏவாத இரண்டு மணி நேரமும்.

புதிய எழுத்தாளருக்குப் பட்டறைகள் நடத்தும் இலக்கிய வட்டங்கள் வளவாளருக்கு மாலை போடும் செலவை நிறுத்தட்டும். பாடசாலை விட்டபின் ஒரு வகுப்பறையை இரண்டு மணி நேரம் திறந்து வைக்குமாறு அதிபரிடம் கேட்கட்டும். மின்கட்டணத்தை வட்டமே கட்டலாம். பெண்பிள்ளைகள் வீடு திரும்ப வழித்துணைக்கு இரண்டு ஆசிரியர்கள் முறைவைத்து நிற்கலாம். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டுச் சமையலை யார் பார்ப்பது என்பதை, அடுத்த கூட்டத்தில் ஆண் உறுப்பினர்கள் எழுந்து நின்று சொல்லட்டும்.