காற்று நின்றதும் கதவைத் திறக்காதீர்கள்!

"துறைமுகத்தில் 10-ம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்!"

யானைக்கவுனியில் இந்தப் பேச்சு எழுந்தால், மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்கு ஓடுவார்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. ஓட வேண்டிய நேரம் அதுதான்! 10 என்றால், துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடும்புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

தகரக் கூரைமீது கல்லை ஏற்றி வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பெருங்காற்றில் அந்தக் கல்லே தலையில் விழும். கயிற்றாலோ கம்பியாலோ இழுத்துக் கட்டுங்கள். மாடியில் உள்ள பூந்தொட்டியை உள்ளே எடுத்து வையுங்கள்.

2016 டிசம்பர் 12-ந் தேதியை மறக்க முடியுமா? வார்தா புயல் சென்னையிலேயே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நடுவில் காற்று அடங்கியது. புயல் போய்விடவில்லை. புயலின் கண், அதாவது நடுப்பகுதி, ஊரைக் கடந்துகொண்டிருந்தது! பிறகு எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. இப்படிக் காற்று அடங்கும்போதுதான் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வருகிறோம். "புயல் கடந்துவிட்டது" என்று ரேடியோவோ டெலிவிஷனோ சொல்லும்வரை வெளியே வராதீர்கள்.

புயல் வேறு ஊருக்குப் போனாலும் நிம்மதி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவில். வெள்ளத்தில் மிதந்தது சென்னை! எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது.

வீட்டுக்குள் தண்ணீர் வரும்போலத் தெரிந்தால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு தொடக்கூடாது. தண்ணீர் வடிந்ததும் நீங்களாகவே போட்டுப் பார்க்க வேண்டாம். எலெக்ட்ரீசியன் பார்த்த பிறகு போடலாம். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

யானைக்கவுனியில் பழைய காரைக் கட்டிடங்கள் பல. ஊறிய சுவர் மழை விட்ட மறுநாள்கூட இடியலாம். விரிசலோ வீக்கமோ தெரிந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள். மாநகராட்சிக்கு 1913-ல் போன் செய்யுங்கள். தரைக்கடியில் உள்ள தொட்டியில் சாக்கடை கலந்திருந்தால், அந்தத் தண்ணீரை முழுவதும் இறைத்துத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

சேதமான சாமான்களைக் குப்பையில் போடுமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். மிக்ஜாமுக்குப் பிறகு அரசாங்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது ரேஷன் கடை மூலம்தான். எனவே ரேஷன் அட்டை, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் முதல் கூண்டு ஏறியதுமே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிப் பரண்மேல் வைத்துவிடுங்கள்.